மலையை அளக்க எவ்வளவு தூரம் போக வேண்டும்?

பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. “மிஸ், மேடையில் அந்தக் காலத்து முஸ்லிம் அறிஞர்கள் அல்குவாரிஸ்மி, இப்னு ஹைதம், அல்பிரூனி என்று சொன்னீர்களே, அவர்களுக்கும் அக்கா தங்கைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்று கேட்டாள். அதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை அம்மா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டல் மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை. பெரியவர்கள் சொல்வதை நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்கும் பெண்பிள்ளைகள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். அந்த வயதில் நானும் அப்படி ஆட்டியிருக்கிறேன்.

சேலம் கோட்டைப் பகுதியில் ஒரு திருமண மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பரிசளிப்பு விழா அது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளைகளுக்குக் கேடயமும் ஒரு சிறு தொகையும் தருவார்கள். பிறகு நெய்ச்சோறும் தால்சாவும். கணக்கு ஆசிரியை என்பதால் என்னைப் பேச அழைப்பார்கள். ‘இக்ரஃ’, ஓதுவீராக என்று இறங்கிய முதல் வசனத்தில் தொடங்குவேன். கல்வியைத் தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்ற நபிமொழியைச் சொல்வேன். அங்கிருந்து பாக்தாத் போவேன். அல்ஜீப்ரா என்ற சொல் அல்குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலிருந்து வந்தது, அல்காரிதம் என்ற சொல் அவருடைய பெயரிலிருந்தே வந்தது என்பேன். கைதட்டல் பலமாக இருக்கும். சொன்னதெல்லாம் உண்மை, அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் அன்று பிளஸ் டூ பிரிவில் முதல் கேடயம் வாங்கியவள், கேள்வி கேட்ட பெண்ணின் அக்கா. பொறியியல் கலந்தாய்வில் வேறொரு மாவட்டத்தில் நல்ல கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த சில நாள்களில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். தங்கைக்கு இது விழா அன்றே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பெண்களைப் படிக்க வைக்க வேண்டாம் என்று எங்கள் தெருவில் இன்று யாரும் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள், என் காதுபடவே. இப்போது மறுப்பு வேறு வடிவில் வருகிறது. ‘விடுதியில் சாப்பாடு எப்படி இருக்குமோ.’ ‘இரவு ரயிலில் தனியாக எப்படி வருவாள்?’ ‘கல்லூரி பஸ் நம் முனைக்கு வருமா?’ ஒவ்வொன்றும் அக்கறையிலிருந்து வரும் கேள்விதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெண் வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்ன கிடைக்கிறதோ அதைப் படிக்கிறாள். இது நமக்கு மட்டும் உரிய குறை என்றும் நான் சொல்ல மாட்டேன். என்னோடு பணியாற்றும் மற்ற சமூகத்து ஆசிரியைகளும் தங்கள் மாணவிகளைப் பற்றி இதையேதான் சொல்லி வருந்துகிறார்கள். நம் வீடுகளில், போய்த் திரும்பிவந்த மூத்த பெண்கள் குறைவு. ‘நான் இருந்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது’ என்று சொல்ல ஒரு குப்பியோ (அத்தை) சின்னம்மாவோ இல்லாத வீட்டில் அத்தாவின் (அப்பா) அச்சத்தை யார் தணிப்பது?

பணம் தடையில்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கதவுகள் பல திறந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அக்காக்காரியும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் படித்தவள்தான்.

அடகுக்குப் போன வளையல்

அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தவர், எல்லா மேடையிலும் நாம் பெயர் சொல்லும் அப்துல் கலாமின் சகோதரி ஜொஹரா. கலாமே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்தார். தம் உழைப்பில் அவற்றை மீட்டுத் தருவேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். இந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தம்பியின் பக்கத்திலிருந்தே படித்திருக்கிறேன். ராமேஸ்வரத்து வீட்டில் வெறுங்கையோடு நின்ற அந்த அக்காவுக்கும் வானத்தைப் பார்த்து ஏதேனும் ஓர் ஆசை இருந்திருக்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு நகை போனது. 1994இல் நான் பிளஸ் டூ முடித்தேன். சென்னைக்குப் போய் இயற்பியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அதே ஆண்டு அண்ணன் பொறியியல் சேர்ந்தான். அம்மாவின் காசுமாலை அவனுக்காக வங்கிக்குப் போனது. நான் உள்ளூரில் கணிதம் சேர்ந்தேன். அண்ணன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கணிதத்தை நான் உயிராக நேசித்தேன். ஆனால் எனக்காக அடகுக்குப் போக அந்த வீட்டில் இன்னொரு நகை இருந்தது என்பது எனக்குத் தெரியும். அது என் திருமணத்துக்கென்று பெட்டியில் இருந்தது. ஒரே பொன்தான், அண்ணனுக்குக் கட்டணமாக மாறியது, எனக்குச் சீராகவே இருந்துவிட்டது.

பிறகுதான் அல்இஜ்லிய்யாவைக் கண்டடைந்தேன். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு நதீம் தொகுத்த நூற்பட்டியலில், கருவி செய்தவர்களின் வரிசையில் அவர் வருகிறார். அல்இஜ்லி என்பவர் அஸ்ட்ரோலேப் செய்யும் கைவினைஞர். அவருடைய மகள் அல்இஜ்லிய்யா. தந்தையைப் போலவே பித்துலூஸ் என்ற ஆசானிடம் தொழில் கற்றவர். அலெப்போவை ஆண்ட சைஃபுத் தவ்லாவிடம் இருந்தவர். அவ்வளவுதான் செய்தி. அவருடைய சொந்தப் பெயர்கூட அதில் இல்லை. பித்தளைத் தகட்டில் கோடு கீறி, சூரியனும் விண்மீன்களும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கும் கருவியை ஒரு பெண் செய்திருக்கிறார், செய்து அரசவை வரை போயிருக்கிறார். யாரும் எழுதிவைக்கவில்லை என்று அன்று நான் சொன்னது தவறு. எழுதிவைத்திருக்கிறார்கள். நான்தான் அதுவரை தேடவில்லை.

இரண்டு இடத்திலும் ஐந்து டிகிரி

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் எட்டுப் பத்துப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வி கேட்டவளும் பத்தாம் வகுப்பிலிருந்து வரத் தொடங்கினாள். முக்கோணவியலை நான் பிற்பகல் தொழுகையான அஸரிலிருந்துதான் தொடங்குவேன். நண்பகல் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகும்போது ஹனஃபி மத்ஹபில் (சட்டமரபில்) அஸர் நேரம் வருகிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டிச் சேலத்தில் சூரியன் தலைக்கு நேர்மேலே வருவதால் நண்பகலில் நிழலே விழாது. அன்று அஸரின்போது சூரியன் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று கேட்பேன். இருபத்தாறரை என்று கண்டுபிடித்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாம் டேன்ஜன்ட் என்று படிப்பதை அரபியில் ‘ழில்’, நிழல் என்றே அழைத்தார்கள். சைன் என்ற சொல் நம் நாட்டு ‘ஜ்யா’ அரபிக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போனபோது தவறாகப் படிக்கப்பட்டுப் பிறந்தது. நன்னி (பாட்டி) சொல்லித்தந்த நிழல் கணக்கும் பாடப்புத்தகக் கணக்கும் ஒன்றுதான் என்று தெரிந்தபிறகு அவர்கள் கணக்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

அல்பிரூனியை அவர்களுக்கு முழுதாகச் சொன்னேன். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நந்தனாக் கோட்டை மலையில் நின்று அவர் பூமியின் ஆரத்தைக் கணித்தார். முதலில் சமவெளியில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியின் ஏற்றக்கோணத்தை அளந்து மலையின் உயரத்தைக் கண்டார். பிறகு மேலே ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். இவ்விரண்டை வைத்து அவர் கண்ட எண் இன்றைய 6,371 கிலோமீட்டருக்கு மிக அருகில் நிற்கிறது. உடனே ஒருத்தி, ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று நாமும் பூமியை அளக்கலாமா என்றாள். முடியாது. நம் கண்ணுக்குத் தட்டையான தொடுவானம் கிடைக்காது. கஞ்சமலை, ஜருகுமலை என்று திரும்பிய பக்கமெல்லாம் மலை. ஆனால் முதல் பாதியைச் செய்யலாம். மொட்டைமாடியில் ஏறினால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எதிரே நிற்கிறதே.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலை கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு குழலை ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். லேடீஸ் சீட் பக்கமுள்ள மலை விளிம்பை, அன்று கேள்வி கேட்டவள் குழல் வழியாகப் பார்த்தாள். ஐந்து டிகிரி. கீழே இறங்கித் தெருக்கோடி வரை, ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் மலையை நோக்கி நடந்துபோய் மறுபடி பார்த்தாள். ஐந்து டிகிரி. சூத்திரத்தில் எழுதினாள். பகுதியில் ஒரு டேன்ஜன்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும், பூஜ்ஜியம் வந்தது. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. மற்ற பெண்கள் கருவி சரியில்லை என்றார்கள். அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியப் பணியில் எனக்கு மிகவும் கடினமான வேலை அதுதான். கொஞ்ச நேரம் கழித்து, “கருவியில் தவறில்லை மிஸ். நாம் போதுமான தூரம் போகவில்லை. மலை அவ்வளவு தள்ளி இருக்கும்போது தெருவுக்குள்ளேயே இரண்டு இடத்தில் நின்றால் இரண்டும் ஒரே இடம்தான்” என்றாள்.

அவள் கணக்கைத்தான் சொன்னாள். எனக்கு அவளுடைய அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. என் 1994ஆம் ஆண்டும். இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் நின்றுகொண்டு நாம் நம் பிள்ளைகளை எவ்வளவு உயரத்தை எட்டச் சொல்கிறோம் என்று அன்று மாடியில் எனக்கு உறைத்தது. 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலம் ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜியைத் தொலைக்காட்சியில் பார்த்து இந்தப் பிள்ளைகள் துள்ளினார்கள். அது போகவிருந்த பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவை அவர்கள் வியந்தார்கள். எனக்கு வேறொரு தொலைவு பெரிதாகத் தெரிந்தது. செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண் பொறியியலுக்குத் திருநெல்வேலி போனார். மேற்படிப்புக்கு ராஞ்சி பக்கத்தில் மெஸ்ரா வரை போனார். அந்த நாளில் அந்த ரயில் பயணத்துக்குச் சரி என்று சொன்ன வீட்டுப் பெரியவர்களுக்கு நான் மனத்தால் சலாம் சொல்கிறேன்.

அடுத்த வாரம் நகரப் பேருந்தில் கோரிமேடு தாண்டிப் போய் அளப்பது என்று முடிவாயிற்று. வரைபடத்தில் என் மாடியிலிருந்து மலையை நோக்கி 6 கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டருக்கு எட்டு வீடுகளில் அனுமதி கேட்டேன். மூன்று வீடுகளில் உடனே சரி என்றார்கள். இரண்டு வீட்டில் அம்மாமார்களும் கூட வருவதாகச் சொன்னார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மற்ற மூன்று வீடுகளில் அந்தக் குறிப்பிட்ட ஞாயிறு ஏதோ ஒரு விசேஷம். கோரிமேட்டுக்கு அப்பால் சாலையோரம் நின்று பார்த்தபோது ஒன்பது டிகிரி வந்தது. ஐந்தும் ஒன்பதும் ஆறு கிலோமீட்டரும் சேர்ந்து 1,173 மீட்டர் என்று விடை. ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் 1,515 மீட்டர், சேலம் 278. கழித்தால் 1,237. வெறும் 64 மீட்டர் வித்தியாசம் என்று எல்லாரும் குதித்தார்கள், அவளைத் தவிர. கால் டிகிரி பிசகினாலே விடை நூறு மீட்டருக்கு மேல் மாறிவிடுகிறது, இது நம் திறமையில் வந்த விடை இல்லை என்றாள். அதோடு, “நாம் நின்ற இரண்டு இடமும் ஒரே மட்டம் என்று யார் சொன்னது மிஸ்? பஸ் ஏறிக்கொண்டேதானே வந்தது?” என்றும் கேட்டாள். இருபத்து மூன்று ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். என் மாணவர் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

பட்டறையில் செய்த கால்வட்டம்

அவளுடைய அத்தா கிச்சிப்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. பெரிய மகளின் கல்லூரி விஷயமாக நான் ஒருமுறை பேசப்போனபோது, “நீங்கள் சொல்வது சரிதான் டீச்சரம்மா” என்று மட்டும் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பியவர். வசனமும் சொன்னேன், நபிமொழியும் சொன்னேன், கலாமையும் சொன்னேன். எதையும் அவர் மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மாலை தாமாக வீட்டுக்கு வந்தார். மகள் தாளில் வரைந்துகொடுத்த படம் கையில் இருந்தது. “இந்தப் பாகைமானியில் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை. இதை வைத்து எப்படி அளந்தீர்கள்? ஒரு மீட்டர் ஆரத்தில் கால்வட்டம் செய்தால் டிகிரிக்கு ஐந்தரை நூல், பதினேழரை மில்லிமீட்டர் வரும். கால் டிகிரியைக் கண்ணாலேயே பார்க்கலாம்” என்றார். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யும் மனிதருக்கு, தன் மகள் சரியாக அளக்க முடியாமல் தவிக்கிறாள் என்பது பொறுக்கவில்லை. நான் அவரிடம் பேசிய முறையே வேறாக இருந்திருக்க வேண்டும் என்று அப்போது பட்டது. மேடையிலிருந்து பாக்தாதைக் காட்டினேன். பட்டறைக்குள் போய் அவருடைய வேலைக்கும் மகளுடைய படிப்புக்கும் என்ன உறவு என்று ஒருநாளும் காட்டவில்லை. அல்இஜ்லிய்யாவைப் பற்றி அவரிடம் அன்று சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பெண் கோடு கீறியது எந்தத் தகட்டில்?” என்றார். பித்தளை என்றேன். பித்தளை நல்லது, ஆனால் இந்த அளவுக்குக் கனம் தாங்காது, அலுமினியம் போடலாம் என்றார்.

இரண்டு மாதங்கள் இரவில் கடை அடைத்தபிறகு அத்தாவும் மகளும் அதைச் செய்தார்கள். அரை டிகிரிக்கு ஒரு கோடு, எல்லாம் அவள் கீறியவை. கல்லுக்குப் பதிலாகக் கொத்தனாரின் தூக்குக்குண்டு. ஜனவரியில் ஒரு ஞாயிறு அதைப் பழைய போர்வையில் சுற்றி நகரப் பேருந்தில் ஏற்றினோம். கண்டக்டர் சுமைக்கு டிக்கெட் கேட்டார், அத்தா எடுத்தார். இந்த முறை எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். ஒன்பதாவதாகக் கேள்வி கேட்டவளின் அக்காவும் வந்தாள். பி.காம். மூன்றாம் ஆண்டு. நோட்டுப் புத்தகத்தில் கோணங்களை எழுதிக்கொள்ள ஆள் வேண்டும் என்று தங்கை இழுத்துவந்திருந்தாள். ஒவ்வொரு கோணத்தையும் ஐந்து முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

மூன்றாவது அளவுக்கும் நான்காவதுக்கும் நடுவில், காற்று அடங்கித் தூக்குக்குண்டு அசையாமல் நிற்கக் காத்திருந்தபோது, அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். தங்கையைப் பார்த்துக்கொண்டே, “பி.காம். முடித்தவர்கள் எம்.சி.ஏ. சேர முடியுமா மிஸ்?” என்று மெதுவாகக் கேட்டாள். பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் சேரலாம், டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், நீ கணிதத்தில் கேடயம் வாங்கியவள் என்றேன். எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்று கேட்டாள். சென்னை, கோயம்புத்தூர், திருச்சி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போர்வையை மடித்துக்கொண்டிருந்த அவளுடைய அத்தா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போர்வையையும் கீழே வைக்கவில்லை. “அக்கா, குண்டு நின்றுவிட்டது, எழுதிக்கொள்” என்று தங்கை கூப்பிட்டாள். அவள் நோட்டைத் திறந்துகொண்டு ஓடினாள்.